விவாகரத்துப் பெற்ற பெற்றோரும் மரணசாசனமும்
வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டியவை



எம்மவர்கள் ஆலயத்திலும் கொண்டாட்டங்களிலும் கூடிப் பேசும் விடயங்களில் வீடு, மோட்கேஜ், வரி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் உண்டு. இரண்டு விடயங்களை மட்டும் எவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஒன்று விவாகரத்து, மற்றது மரணம். இந்த இரண்டும் சேர்ந்து வரும் இடம்தான் இன்றைய கட்டுரையின் பொருள். புலம்பெயர்ந்த வாழ்வில் பிரிந்து போன குடும்பங்கள் எங்கள் மத்தியிலும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. நானும் விவாகரத்துப் பெற்ற ஒரு தகப்பன். என் பிள்ளைகள் இருவரும் பதினெட்டு வயதைக் கடந்தவர்கள். ஆகவே இதை அடுத்தவர் வீட்டுக் கதையாக எழுதவில்லை.

நான் கணக்காளன், சட்டத்தரணி அல்லன். இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் சட்டம். ஸ்கொட்லாந்தில் வசிப்போருக்கு விதிகள் வேறு. அங்கே பிள்ளைகளுக்குச் சட்டப்படியான ஒரு பங்கு உண்டு. அதை மரணசாசனத்தால்கூட நீக்க முடியாது. இதை வாசித்தபின் ஒரு சொலிசிட்டரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெளிவாக இருந்தால் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறும்.

1. மரணசாசனம் எழுதாவிட்டால் என்ன நடக்கும்?

மரணசாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய ஆதனத்தை 1925ஆம் ஆண்டின் சட்டம் பங்கிடுகிறது. விவாகரத்து முழுமையாக முடிந்து, மறுமணமும் செய்யாதவர் இறந்தால், அவருடைய ஆதனம் முழுவதும் பிள்ளைகளுக்குச் சம பங்காகப் போகும். ஒரு பிள்ளை முன்னரே இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் அந்தப் பங்கை எடுப்பர். "அப்படியானால் எழுதத் தேவையில்லையே" என்று பலர் இந்த இடத்தில் நின்று விடுகிறார்கள். நிற்கக்கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, பலர் "விவாகரத்து" என்று சொல்வது விவாகரத்தே அல்ல. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசிப் பிரிந்தவர்கள், பத்து பதினைந்து வருடமாக வேறு வீட்டில் இருப்பவர்கள், ஒருவர் இலண்டனிலும் மற்றவர் ரொறன்ரோவிலுமாக இருப்பவர்கள், இவர்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் இன்னும் கணவனும் மனைவியுமே. நீதிமன்றத்தின் இறுதிக் கட்டளை கிடைக்கும் வரை திருமணம் உயிருடன்தான் இருக்கிறது. 2022 ஏப்ரல் 6ஆம் திகதி முதல் யார்மீதும் குற்றம் சாட்டாமல் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் விண்ணப்பத்துக்கும் இறுதிக் கட்டளைக்கும் இடையே குறைந்தது 26 வாரங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில் ஒருவர் மரணசாசனம் இல்லாமல் இறந்தால் மற்றவர் வாழ்க்கைத் துணையாகவே பங்கு எடுப்பார்.

அந்தப் பங்கு எவ்வளவு? 2023 யூலை 26 முதல், வாழ்க்கைத் துணைக்குத் தனிப்பட்ட பொருட்கள் அனைத்தும், அதன்மேல் முதல் 322,000 பவுணும், மீதியில் அரைவாசியும் கிடைக்கும். மற்ற அரைவாசிதான் பிள்ளைகளுக்கு. ஓர் உதாரணம்: ஒருவர் 500,000 பவுண் பெறுமதியான ஆதனத்தை விட்டு இறக்கிறார். பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு 322,000 பவுண். மீதி 178,000. அதில் பாதி 89,000. ஆகவே மனைவிக்கு மொத்தம் 411,000 பவுண். இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு 44,500 பவுண். பதினைந்து வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லாதவருக்கு 411,000! மறுமணம் செய்தவருக்கும் இதே கணக்குத்தான்.

இரண்டாவது, ஆதனத்தை யார் நிர்வகிப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாமல் போகும். மூன்றாவது, ஊரில் உள்ள காணி. அதைப் பின்னர் பார்ப்போம்.

2. பழைய மரணசாசனத்தை விவாகரத்து என்ன செய்யும்?

திருமண காலத்தில் எழுதிய மரணசாசனம் விவாகரத்தால் முழுமையாக இரத்தாகாது. இதைப் பலர் தவறாக விளங்கிக் கொண்டிருக்கிறார்கள். 1837ஆம் ஆண்டின் மரணசாசனச் சட்டத்தின் 18அ பிரிவின்படி, முன்னாள் கணவன் அல்லது மனைவி விவாகரத்து நாளன்று இறந்து விட்டவர் போலக் கருதப்படுவார். அவருக்கு எழுதிய கொடை விழுந்து விடும். அவரை நிறைவேற்றுநராக நியமித்திருந்தால் அந்த நியமனமும் போய்விடும். மற்ற வாசகங்கள் அப்படியே நிற்கும்.

ஆகவே "எல்லாம் என் மனைவிக்கு, அவர் இல்லாவிடில் என் தம்பிக்கு" என்று 1998இல் எழுதிய ஒருவருடைய ஆதனம் முழுவதும் இன்று தம்பிக்கே போகும். பிள்ளைகளின் பெயர் அதில் இல்லை என்றால் அவர்களுக்கு எதுவும் இல்லை. அக்காலத்தில் பிள்ளைகள் குழந்தைகள், தம்பி பொறுப்பானவர் என்று எண்ணி நல்ல மனதோடு எழுதிய வாசகம் இப்படித் திரும்பி நிற்கும்.

முன்னாள் துணை நம்பிக்கையானவர், அவரே நிறைவேற்றுநராக இருக்கட்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. தவறில்லை. ஆனால் விவாகரத்துக்குப் பின் எழுதும் புதிய மரணசாசனத்தில் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

3. மறுமணம் செய்தால்?

விவாகரத்து மரணசாசனத்தை முழுமையாக அழிக்காது. திருமணம் அழிக்கும். சட்டப்படியான மறுமணம் நடந்த அன்றே அதற்கு முன் எழுதிய மரணசாசனம் இரத்தாகி விடும். இன்னாரை மணக்க இருக்கிறேன், அதன் பின்னும் இது நிற்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தால் மட்டும் தப்பும். இந்த விதியை நீக்கும்படி சட்ட ஆணைக்குழு 2025 மே மாதத்தில் பரிந்துரை செய்தது. பாராளுமன்றம் சட்டம் இயற்றி அது நடைமுறைக்கு வரும் வரை பழைய விதியே விதி என்று எண்ணி நடப்பதே புத்தி.

எம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஐயர் வந்து, ஓமம் வளர்த்து, தாலி கட்டினால் மட்டும் இங்கே சட்டப்படி திருமணம் ஆகிவிடாது. திருமணப் பதிவுக்குரிய ஒழுங்குகளும் செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவில்லாத சடங்கு மட்டும் நடந்திருந்தால் பழைய மரணசாசனம் இரத்தாகாது. அதேவேளை புதிய துணைக்கு வாழ்க்கைத் துணையின் பங்கும் கிடைக்காது. இரண்டு வருடமோ அதற்கு மேலோ கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்தவர் என்ற முறையில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் அவர் எதையும் பெறலாம். ஐம்பது வயதுக்கு மேல் துணை தேடிக் கொண்ட பல பெண்கள் இந்த நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வழி செய்து வைப்பது எமது கடமை.

பொதுவாகக் கையாளப்படும் வழி இது: வீட்டில் உயிருள்ளவரை குடியிருக்கும் உரிமையைப் புதிய துணைக்கும், அவருக்குப் பின் வீட்டைத் தமது பிள்ளைகளுக்கும் எழுதி வைப்பது. துணையும் தெருவில் நிற்கமாட்டார், பிள்ளைகளின் முதுசமும் கைமாறாது. இதைச் சொந்தமாக எழுத முயலாமல் சொலிசிட்டரைக் கொண்டே எழுதிக் கொள்ளுங்கள்.

4. மரணசாசனத்துக்குள் அடங்காத சொத்துக்கள்

கணக்காளன் என்ற முறையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி இது. சில சொத்துக்கள் மரணசாசனத்தைத் தொடாமலே கைமாறும்.

வீடு: கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கிய வீடு பெரும்பாலும் கூட்டு உரிமை முறையில் இருக்கும். ஒருவர் இறந்தால் மற்றவருக்கு முழு வீடும் தானாகவே போய்ச் சேரும். விவாகரத்து இந்த முறையைத் தானாக மாற்றாது. வீட்டை விற்காமல், பெயரையும் மாற்றாமல் பிரிந்து போனவர்கள் உடனே கவனிக்க வேண்டும். உங்கள் பாதியைப் பிள்ளைகளுக்கு என்று நூறு தடவை மரணசாசனத்தில் எழுதினாலும், கூட்டு உரிமை உடைக்கப்படாவிட்டால் அந்தப் பாதி முன்னாள் துணைக்கே போகும். உடைப்பது கடினமான காரியம் அல்ல. மற்றவருக்கு எழுத்தில் ஓர் அறிவித்தல் கொடுத்தால் போதும். அவருடைய சம்மதம் தேவையில்லை. பின்னர் காணிப் பதிவகத்துக்கு அதற்குரிய படிவத்தை அனுப்பிப் பதிவில் குறிப்பு ஏற்ற வேண்டும். அதன்பின் வீடு பங்கு முறையில் இருக்கும். உங்கள் பங்கை நீங்கள் விரும்பியவருக்கு எழுதலாம்.

ஓய்வூதியம்: வேலைத்தலத்து ஓய்வூதியத் திட்டங்களில் "நான் இறந்தால் இன்னாருக்கு" என்று ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பீர்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் கொடுத்த படிவமாக இருக்கும். விவாகரத்து அதை அழிப்பதில்லை. பெரும்பாலான திட்டங்களில் யாருக்குக் கொடுப்பது என்பதைத் திட்டப் பொறுப்பாளர்கள் தீர்மானிப்பார்கள். அவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் படிவத்தைத்தான். புதிய படிவம் ஒன்றை நிரப்பி அனுப்புங்கள். இரண்டு மூன்று இடங்களில் வேலை செய்தவர்கள் இரண்டு மூன்று படிவங்கள் அனுப்ப வேண்டும்.

ஆயுள் காப்புறுதி: யாருடைய பெயரில், எந்த ஏற்பாட்டில் இருக்கிறது என்பதைக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். முன்னாள் துணையின் நன்மைக்கென்று நம்பிக்கைப் பொறுப்பில் எழுதப்பட்டிருந்தால் அதை மாற்ற முடியுமா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

கூட்டு வங்கிக் கணக்கு: பொதுவாக உயிருடன் இருப்பவருக்கே போகும். மூடி விடுங்கள்.

சீட்டுக்காசும் கைமாற்றும்: எங்கள் சமூகத்துக்கே உரிய விடயம் இது. சீட்டில் கட்டிய பணம், ஒன்றுவிட்ட சகோதரனின் கடைக்குக் கொடுத்த பணம், ஊரில் வீடு கட்டக் கொடுத்த கடன், இவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. கொடுத்தவர் இறந்தால் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? யாருக்கு, எப்போது, எவ்வளவு, எவ்வளவு திரும்பி வந்தது என்பதை எழுதி, முடிந்தால் பெற்றவரின் கையொப்பத்தையும் வாங்கி வையுங்கள். நீங்கள் பிறருக்குக் கொடுக்க வேண்டியதையும் அதே தாளில் எழுதுங்கள்.

5. முன்னாள் துணையும் பிள்ளைகளும் வழக்குப் போடலாமா?

போடலாம். 1975ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், மறுமணம் செய்யாத முன்னாள் துணை, பிள்ளைகள், சேர்ந்து வாழ்ந்தவர், இறந்தவரின் பராமரிப்பில் இருந்தவர் ஆகியோர் "எனக்கு நியாயமான ஏற்பாடு செய்யப்படவில்லை" என்று நீதிமன்றத்தைக் கேட்கலாம். புரோபேட் வழங்கப்பட்டு 6 மாதங்களுக்குள் கேட்பதே விதி.

முன்னாள் துணையின் இந்த உரிமையை விவாகரத்தின்போதே தடுத்து விடலாம். பணம், வீடு, ஓய்வூதியம் பற்றிய நீதிமன்றக் கட்டளையில் இரு பகுதியாரும் இனி எதையும் கோருவதில்லை, மரணத்தின் பின்னும் கோருவதில்லை என்ற வாசகம் இருக்க வேண்டும். விவாகரத்துப் பத்திரம் மட்டும் கையில் இருந்து, இந்தப் பணக் கட்டளை இல்லாதவர்கள் எம்மில் பலர். "அப்போது எங்களிடம் என்ன இருந்தது, பங்கிட?" என்பார்கள். உண்மைதான். வந்த புதிதில் எவரிடமும் எதுவும் இல்லை. ஆனால் இப்போது இருக்கிறதே! 1992இல் விவாகரத்தான ஒரு தம்பதியர் விடயத்தில், கணவர் பின்னாளில் செல்வந்தரான பின்னர், 2011இல் முன்னாள் மனைவி தொடுத்த கோரிக்கை நடக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. கணவர் உயிருடன் இருக்கும்போதே நடந்த வழக்கு அது. இருபது வருடம் கடந்ததால் கதவு பூட்டப்பட்டு விட்டது என்று எண்ணக்கூடாது என்பதே அது தரும் பாடம்.

வளர்ந்த பிள்ளைகள் பற்றி: இங்கிலாந்தில் உங்கள் ஆதனத்தை விரும்பியவருக்கு எழுத உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் ஒதுக்கப்பட்ட பிள்ளை நீதிமன்றம் போகலாம். பலரும் அறிந்த வழக்கு ஒன்று: 2004இல் இறந்த ஒரு தாய், ஏறத்தாழ 486,000 பவுண் ஆதனத்தைத் தர்ம நிறுவனங்களுக்கு எழுதினார். வறுமையில் இருந்த ஒரே மகளுக்கு எதுவும் இல்லை. இருவருக்கும் இடையே பல வருடப் பகை. வழக்கு 10 வருடங்களுக்கு மேல் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. முதல் நீதிபதி கொடுத்த 50,000 பவுணே மகளுக்கு உறுதியானது. பெற்றோரின் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது முழுப் பாதுகாப்பு அல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

விவாகரத்தான குடும்பங்களில் இந்த விடயம் கூடுதலாக நோகும். ஒரு பிள்ளை தாயுடன் போயிருக்கும், ஒரு பிள்ளை தகப்பனுடன் நின்றிருக்கும். "என்னைப் பார்க்க வராதவனுக்கு ஏன் எழுத வேண்டும்?" என்ற கோபம் நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் பதினாறு வயதில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்ற பிள்ளையை, அவனுடைய நாற்பதாவது வயதில் ஒரு தாளால் தண்டிப்பது முறையா என்று ஒரு தடவை யோசியுங்கள். அந்தத் தாளுக்கு அவன் பதில் எழுத முடியாது. யோசித்த பின்னும் பங்கைக் குறைப்பதே சரி என்று கண்டால், காரணத்தை நிதானமான சொற்களில் தனிக் கடிதமாக எழுதி மரணசாசனத்துடன் வையுங்கள். மரணசாசனத்துக்குள் எழுத வேண்டாம். புரோபேட் கிடைத்தபின் அது எவரும் பணம் கட்டிப் பிரதி எடுக்கக்கூடிய பொதுப் பத்திரம்.

சீதனம் கொடுத்த மகளுக்கும் கொடுக்காத மகனுக்கும் இடையே சமன் செய்ய நினைப்பவர்கள் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். மரணசாசனம் இல்லாமல் பங்கிடும்போது, பெற்றோர் உயிருடன் கொடுத்ததைக் கழித்துக் கணக்குப் பார்க்கும் பழைய விதி 1996 முதல் இல்லை. "அவளுக்குக் கலியாணத்தில் கொடுத்தாயிற்று" என்பது உங்கள் மனதில் மட்டும் இருந்தால் பயனில்லை.

6. மரணவரி

ஒருவருக்கு 325,000 பவுண் வரை மரணவரி இல்லை. 2009 முதல் இத்தொகை மாறவில்லை. குடியிருந்த வீட்டைப் பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ விட்டுச் சென்றால் மேலும் 175,000 பவுண் வரை சேரும். ஆகவே 500,000. அதற்கு மேற்பட்டதற்கு 40 வீதம் வரி.

மணமானவர்கள் ஒருவருக்கொருவர் வரியின்றி விட்டுச் செல்லலாம். முதலில் இறந்தவர் பயன்படுத்தாத விலக்கும் மற்றவருக்குச் சேர்ந்து 1,000,000 வரை போகலாம். விவாகரத்தானவருக்கு இந்த இரண்டு சலுகையும் முன்னாள் துணை மூலம் கிடையாது. நண்பர் ஒருவர் "பத்து இலட்சம் வரை வரி இல்லை" என்று சொன்னால், அவர் மணமானவரா என்று கேளுங்கள்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு தாய்க்கு வீடு 480,000, மோட்கேஜ் மீதி 60,000, சேமிப்பு 70,000, நகையும் காரும் 20,000, பிற கடனும் ஈமச் செலவும் 10,000. தேறிய ஆதனம் 500,000 பவுண். எல்லாம் பிள்ளைகளுக்கு என்றால் வரி பூச்சியம். அதே தாய், வீட்டைத் தங்கையின் மகனுக்கு எழுதினால், 175,000 விலக்கு போய்விடும். அந்த 175,000க்கு 40 வீதம், அதாவது 70,000 பவுண் வரி. பெறாமகன் வாரிசு போன்றவன்தான் என்பது எங்கள் முறை. வரித் திணைக்களத்தின் முறை அல்ல.

இன்னும் மூன்று குறிப்புகள். முதலாவது, 2025 ஏப்ரல் 6 முதல், கடந்த 20 வரி வருடங்களில் 10 வருடமாவது இந்நாட்டில் வசித்தவருக்கு உலகம் முழுவதிலும் உள்ள சொத்து இந்த வரிக்குள் வரும். யாழ்ப்பாணத்துக் காணியும் கொழும்பு வீடும் கணக்கில் சேரும். இரண்டாவது, பயன்படுத்தாத ஓய்வூதிய நிதியையும் 2027 ஏப்ரல் முதல் இந்த வரிக்குள் கொண்டு வருவதாக அரசாங்கம் 2024 ஒக்டோபரில் அறிவித்தது. மூன்றாவது, வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றிவிட்டு வாடகை கொடாமல் அதிலேயே குடியிருந்தால், ஏழு வருடம் கடந்தாலும் வரிக்கு அது உங்கள் வீடாகவே எண்ணப்படும். பிள்ளையின் குடும்பம் பிரிந்தால் வீடும் அந்த வழக்கில் சிக்கும்.

7. ஊரில் உள்ள காணி

அசையா ஆதனம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே அதற்குப் பொருந்தும். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாசனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகள் வேண்டும். இங்கே இரண்டு சாட்சிகளுடன் எழுதிய பத்திரத்தை நம்பி ஊர்க் காணியை விட்டு வைப்பது ஆபத்து. வடமாகாணத் தமிழருக்கு, 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையின் விதிகளும், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, மரபுரிமைச் சட்டமும் உண்டு. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற பாகுபாடு இன்றும் உயிருடன் இருக்கிறது. திருமண காலத்தில் வாங்கிய காணி தேடிய தேட்டமாக இருக்கலாம். உறுதியில் உங்கள் பெயர் மட்டும் இருந்தாலும் முன்னாள் துணைக்கு அதில் பங்கு இருக்கலாம். இதை அங்குள்ள சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளியுங்கள்.

ஊர்க் காணிக்குத் தனி மரணசாசனம் எழுதுவது பலருக்கு நல்ல வழி. ஒரு கவனம்: "இதற்கு முன் எழுதிய எல்லா மரணசாசனங்களையும் இரத்துச் செய்கிறேன்" என்ற வழமையான வாசகம் இரண்டாவதில் இருந்தால் முதலாவது போய்விடும். ஒவ்வொன்றும் எந்த நாட்டுச் சொத்துக்கு என்பதை வரையறுத்து எழுதச் சொல்லுங்கள்.

8. பெயரும் பத்திரமும்

அகதியாக வந்தவர்களின் தனிப் பிரச்சினை இது. உறுதியில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், வங்கியில் முதலெழுத்து மட்டும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல். நாங்கள் உயிருடன் இருக்கும்போது விளக்கம் சொல்லிச் சமாளித்து விட்டோம். இறந்தபின் பிள்ளைகளால் முடியாது. மரணசாசனத்தில் உங்கள் சட்டப் பெயரையும், "இன்ன இன்ன பெயர்களாலும் அறியப்படுபவர்" என்று மற்றவற்றையும் எழுதுங்கள். பிள்ளைகளின் முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் அவர்களுடைய கடவுச்சீட்டைப் பார்த்து எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் உதவாது.

9. கையொப்பமும் சாட்சியும்

மரணசாசனம் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உங்கள் முன் இருக்க, நீங்கள் கையொப்பமிட வேண்டும். பின்னர் அவர்கள் உங்கள் முன் கையொப்பமிட வேண்டும். கொரோனாக் காலத்தில் காணொளி மூலம் சாட்சி வைக்க இடங்கொடுத்த விதி 2024 ஜனவரி 31உடன் முடிந்து விட்டது. பங்கு பெறுபவரோ, அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சி வைத்தால் மரணசாசனம் நிற்கும். அவருடைய பங்கு விழும். மருமகன் ஒரு கையொப்பம் போட்டால் மகளின் பங்கு போய்விடும்.

தமிழில் எழுதிய மரணசாசனமும் செல்லும், ஆனால் புரோபேட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கிலம் வாசிக்க முடியாத முதியவர் ஆங்கிலப் பத்திரத்தில் கையொப்பமிடுவதானால், தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற குறிப்பை அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். விளக்குபவர் பங்கு பெறும் பிள்ளையாக இருக்கக் கூடாது. பின்னர் மற்றப் பிள்ளை சந்தேகப்பட இடமாகும்.

மூலப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். அது கடைசியாக உங்கள் கையில் இருந்து, பின்னர் காணாமற் போனால், நீங்களே அழித்து விட்டதாகக் கருத இடமுண்டு. பேனாவால் வெட்டித் திருத்தவும் வேண்டாம். சாட்சியில்லாத திருத்தம் செல்லாது.

10. கேள்விகள் சில

வளர்ந்த பிள்ளைகள் நிறைவேற்றுநராக இருக்கலாமா? இருக்கலாம். பங்கும் பெறலாம். இருவருக்கும் இடையே பேச்சு இல்லை என்றால் இருவரையும் சேர்த்துப் போடுவது சண்டையை மூட்டும். அவ்விடத்தில் இருவரும் மதிக்கும் ஒருவரையோ சொலிசிட்டரையோ நியமிப்பது நல்லது.

கொள்ளி வைப்பது யார் என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் சட்டம் அதைக் கட்டாயப்படுத்தாது. உடலை என்ன செய்வது என்ற முடிவு நிறைவேற்றுநருடையது. முன்னாள் துணை வரலாமா, மகள் கொள்ளி வைக்கலாமா, அந்தியேட்டி எங்கே, அஸ்தி எந்தக் கடலில் என்பவற்றை ஒரு கடிதத்தில் எழுதி, இப்போதே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். மலர்ச்சாலையில் நின்று இரண்டு பகுதியாரும் வாக்குவாதப்படும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

தாலிக்கொடியும் நகையும்? எந்த நகை யாருக்கு என்று ஒரு பட்டியல் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். பவுண் கணக்கில் சிறியது; மனக் கணக்கில் பெரியது.

ஆலயத்துக்கு எழுதலாமா? பதிவு பெற்ற தர்ம நிறுவனத்துக்கு எழுதுவதற்கு மரணவரி இல்லை. பதிவுப் பெயரையும் இலக்கத்தையும் சரியாக எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தபின் எழுதுவதே அழகு.

இந்த மாதத்துக்குள் செய்ய வேண்டியவை

1. விவாகரத்தின் இறுதிக் கட்டளையையும் பணக் கட்டளையையும் தேடி எடுங்கள். ஒன்று இல்லையென்றால் சொலிசிட்டரைக் கேளுங்கள்.
2. வீட்டின் உரிமை கூட்டு முறையா, பங்கு முறையா என்று காணிப் பதிவகப் பிரதியில் பாருங்கள்.
3. ஓய்வூதியம், காப்புறுதிப் படிவங்களைப் புதுப்பியுங்கள்.
4. சொத்து, கடன், சீட்டு, ஊர்க் காணி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்.
5. அந்தத் தாளுடன் சொலிசிட்டரிடம் போய்ப் புதிய மரணசாசனம் எழுதுங்கள்.
6. மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதை நிறைவேற்றுநருக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் ஏற்கனவே ஒரு பிரிவைக் கண்டவர்கள். இரண்டு வீட்டுக்கும் இடையே பையைத் தூக்கிக் கொண்டு திரிந்தவர்கள். எங்கள் மறைவுக்குப் பின் இன்னொரு பிரிவு, அதுவும் அவர்களுக்குள்ளேயே, வராமல் தடுப்பது எங்கள் கையில் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு பிற்பகல் நேரமும் இரண்டு சாட்சிகளும் மட்டுமே. ஒத்திப் போடாமல் செய்து முடிப்போமாக.